லைற்றடிச் சாப்பாடு

“இனி ஒரு இடத்தால என்னை எழுப்பக் கூடாது, பேர்ள்.”

“ஆர் உங்களை எழுப்பப் போறது? வீடு உங்கட பேரில கிடக்கு.”

“ஆரும் எழுப்ப மாட்டினம். நீ எழுப்பக் கூடாது. அதைத்தான் சொல்லுறன்.”

அட்டைப் பெட்டியை வெட்டிக்கொண்டிருந்த கத்தியைப் பேர்ள் கீழே வைத்தாள்.

“நான் கேக்க மாட்டன்.”

“எண்டைக்கும்?”

“எண்டைக்கும் கேக்க மாட்டன். இப்ப கட்டிலின்ர அந்தப் பக்கத்தைப் பிடியுங்கோ. நடு விறாந்தையில படுக்கேலாது.”

பதினொரு வருடங்களுக்கு முன், டண்டினொங் நகரின் தெற்கு ஓரத்தில் அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளில் கணவனும் மனைவியும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். யோன் மன்னார்க் கரையில் மீன்பிடித்தவன். சண்டையில் குடும்பத்தோடு ஒன்பது இடம் மாறி, பிறகு தனியாகப் படகில் கடல் கடந்து இந்த நாட்டுக்கு வந்து, அகதிகளை அடைத்துவைக்கும் வில்லாவுட் தடுப்பு முகாமில் பதினெட்டு மாதம் இருந்தவன். விசா கிடைத்த பிறகுதான் பேர்ளையும் மகள் ஜெனோஜாவையும் அழைப்பித்தான். அந்த வீட்டின் திறப்புச் சாவி கைக்கு வந்த அன்று அதைச் சட்டைப்பையில் போடவில்லை. நாள் முழுவதும் உள்ளங்கையிலேயே வைத்திருந்தான். கட்டிலைத் தூக்கும்போதுகூட.

வீடு இரண்டு பெரிய வீதிகள் சந்திக்கும் மூலையில் இருந்தது. தொழிற்சாலைகளுக்கும் களஞ்சியங்களுக்கும் போகும் கொண்டெய்னர் லொறிகள் எல்லாம் அந்தச் சந்தியைத் தாண்டித்தான் போகவேண்டும். இரைச்சல் என்று வேறு யாரும் வாங்காத வீடு. யோனுக்கு அது பிடித்ததற்கு ஒரே காரணம்தான். அவன் வேலை செய்த லொறிக் கம்பனி அரை மைல் தள்ளி இருந்தது. துறைமுகத்திலிருந்து பெட்டி ஏற்றிக்கொண்டு மத்தியானம் வரும்போது வீட்டு வாசலைத் தாண்டித்தான் வருவான். ஒரு நாளைக்கு ஒருமுறையாவது பகல் வெளிச்சத்தில் பேர்ளின் முகத்தைப் பார்க்கலாம். அவளைப் பிரிந்திருந்த வருடங்களை அவன் அப்படித் திருப்பி எடுக்கலாம் என்று நினைத்தான்.

லொறியை நிறுத்தி இறங்க அங்கே இடமில்லை. ஆனால் லைற் சிவப்பாக விழுந்தால் ஒன்றரை நிமிடம் கிடைக்கும். முதல் கிழமையே பேர்ள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். வாழையிலை கிடைக்காத ஊரில் வெண்தாளில் சோற்றைக் கட்டி, பையில் போட்டு, கேற்றடியில் நின்றாள். லொறியின் இடப்பக்க யன்னல் அவளுடைய தலைக்கு மேலே நின்றது. கை எட்டவில்லை. மறுநாள் திரைச்சீலை மாட்டும் அலுமினியத் தடி ஒன்றின் நுனியை வளைத்துக் கொளுக்கி செய்து, அதில் பையை மாட்டி உயர்த்திக் கொடுத்தாள். யோன் சாய்ந்து கையை நீட்டிப் பையைக் கழற்றினான். பின்னால் நின்ற லொறிக்காரன் கைதட்டினான்.

கைதட்டியவன் பழனிசாமி. நாமக்கல்காரன். அடுத்த கிழமை தனக்கும் ஒன்று வேண்டும் என்று சொல்லி அனுப்பினான்.

“எங்கூர்ல சாப்பாட்டுக்கு லாரி போய் நிக்கும்க்கா. இங்க லாரிக்குச் சாப்பாடு வருது. ஊர்ல சொன்னா நம்ப மாட்டானுங்க.”

“உங்கட மனுசி வந்தா என்ன சொல்லப் போறா?”

“அவ வந்தா ரெண்டு பார்சலுங்க.”

அவனுடைய மனைவி வந்தாள், இரண்டு பார்சல் ஆகவில்லை, ஆனால் அவன் நிறுத்தவும் இல்லை. அவன் மூலம் பஞ்சாபிகள் இரண்டு பேர், ஒரு சமோவாக்காரன், பிறகு யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் நான்கு பேர் என்று, மூன்றாம் வருடம் பதினாறு பார்சல் ஆயிற்று. விடிய எழும்பி அரிசி போட்டு, பருப்பை வைத்து, செவ்வாயும் வெள்ளியும் சந்தையில் பாரை மீன் வாங்கித் துண்டம் போட்டுப் புளி விட்டுக் காய்ச்சி, கருவாடு பொரித்து, சம்பல் இடித்து, பதினொரு மணிக்குப் பேர்ள் லைற்றடியில் நிற்பாள். ஒன்றரைக்கு உள்ளே வருவாள். ஒவ்வொரு லொறிக்கும் ஒன்றரை நிமிடம். பச்சை விழுந்ததும் ஏற்றிய பாரத்தை இழுக்க இஞ்சின் ஒருமுறை குமுறும். குழாயிலிருந்து கரிய மூச்சு ஒன்று வெளிவந்து, நடைபாதையில் நிற்பவளைச் சுற்றிவிட்டு மெல்லப் போகும். அது போய் முடிவதற்குள் அடுத்த சிவப்பு.

சோற்றுப் பெட்டிக்கு மேல் ஈரத்துணி போட்டு வைத்தாள். மூக்குக்குப் போடவில்லை. ஒருமுறை ஜெனோஜா, அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை, முகக்கவசம் போட்டுக்கொண்டு நிற்கச் சொன்னாள். சோறு கொடுக்கிற கை மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றால் சாப்பிடுகிறவனுக்கு மனம் எப்படி இருக்கும் என்று பேர்ள் கேட்டாள். கொடுக்கும்போது முகம் தெரியவேண்டும். சிரித்துக் கொடுக்கவேண்டும். அவள் வளர்ந்த வீட்டில் அப்படித்தான். காட்டுத்தீப் புகை நகரத்துக்கு மேல் செம்மஞ்சளாக நின்ற அந்த ஜனவரியிலும் வெறும் முகத்தோடுதான் நின்றாள். பிறகு கொரோனா வந்து, சட்டம் சொன்னதால் இரண்டு வருடம் முகக்கவசம் போட்டாள். அந்த இரண்டு குளிர்காலமும் அவளுக்கு இருமல் வரவில்லை. அதை ஒருவரும் கவனிக்கவில்லை. எல்லோரும் கழற்றியபோது அவளும் கழற்றினாள்.

இருமல் திரும்பி வந்தபோது குளிர் என்றார்கள். பிறகு அரிசிமா வறுக்கிற தூள் என்றார்கள். கரோல் பாட்டுப் பழகும்போது அவளால் ஒரு வரியை முழுதாகப் பாட முடியாமல் போனது. கோயிலில் படியேறும்போது யோன் முன்னுக்குப் போய் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவள் கைபிடிச் சுவரைத் தடவிக்கொண்டு நிற்பாள். படிகள் ஆறுதான். போன வருடம் ஒரு நாள் கொளுக்கித் தடியை உயர்த்தியவள் அதை இறக்க முடியாமல் நடைபாதையில் குந்திவிட்டாள். பையை எடுக்காமலே பழனிசாமி லொறியிலிருந்து குதித்து அவளைத் தூக்கினான்.

ஆஸ்பத்திரியில் மூன்று வெவ்வேறு ஆட்கள் மூன்று முறை அவள் புகைபிடிப்பவளா என்று கேட்டார்கள். மூன்றாம் முறை யோனுக்குக் கோபம் வந்தது. நாலாவதாக வந்த நுரையீரல் டொக்டர், நரைத்த தலைமயிர்க்காரி, அதைக் கேட்கவில்லை. எங்கே வாழ்ந்தாய், எங்கே வேலை செய்தாய் என்று கேட்டாள். பேர்ள் சொன்னாள். சின்ன வயதில் விறகடுப்பு. பிறகு வன்னியில் பதுங்குகுழிப் பங்கருக்குள் இருந்த மாதங்கள், ஷெல் விழுந்து எரிந்த கொட்டில்கள். பிறகு லைற்றடி. டொக்டர் எழுதிக்கொண்டே வந்து, லைற்றடியில் பேனையை நிறுத்தி, எத்தனை மணி நேரம், எத்தனை வருடம் என்று இரண்டு முறை கேட்டாள்.

நுரையீரல் முப்பத்துநான்கு வீதம்தான் வேலை செய்கிறது என்றாள். இதில் ஒன்றைமட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மற்றவை எல்லாம் முடிந்துபோனவை, வீதி ஒன்றுதான் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற கரி அல்ல பிரச்சினை, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியது உள்ளே போய்விடும், பிறகு வெளியே வராது. இழந்தது திரும்பாது. அந்த வீட்டை விட்டுப் போனால் கிடைக்கப்போவது சுகம் அல்ல, கொஞ்சக் காலம். அதுவும் சீக்கிரம் போனால்தான்.

பேர்ள் யோனின் பக்கம் திரும்பவில்லை. தன் மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

யோன் டொக்டரைப் பார்த்து, “வீ வில் க்ளோஸ் த வின்டோஸ்” என்றான்.

வரும் வழியில் கார் வீட்டுப் பக்கம் திரும்பாமல் இரும்புச் சாமான் கடைக்குத் திரும்பியது. பேர்ளைக் காரில் இருக்கவிட்டுப்போட்டு உள்ளே போய், யன்னல் இடுக்குகளுக்கு ஒட்டும் பஞ்சுப்பட்டியும், கதவுக்கு அடியில் வைக்கும் றப்பரும், சிலிக்கன் குழாய்கள் ஏழும் வாங்கி வந்தான். அந்தச் சனியும் ஞாயிறும் ஏணியில் நின்று வீட்டை அடைத்தான். படகின் அடிப்பலகையில் நீர் கசியாமல் அடைத்துப் பழகிய கை. ஓர் இடுக்கையும் விடவில்லை. காற்றுச் சுத்திகரிக்கும் இயந்திரம் இரண்டு வாங்கி, ஒன்றைக் கட்டிலடியிலும் மற்றதைச் சாப்பாட்டு மேசையடியிலும் வைத்தான். மூன்று கிழமைக்குப் பிறகு வடிகட்டியைக் கழற்றியபோது அது இஸ்திரிப்பெட்டியால் எரிந்த துணிபோல இருந்தது. பேர்ள் காணாதபடி அதைக் கறுப்புப் பைக்குள் போட்டுக் கட்டினான். பேர்ள் அதைக் கண்டாள்.

அவன் கெட்டவன் அல்ல. அவளுக்குச் சீப்பால் தலை இழுத்துவிட்டான், முதுகில் தட்டிச் சளி எடுக்கப் பழகினான், மருந்துகளின் பெயர்களை லொறியின் கண்ணாடியில் ஒட்டிப் பாடமாக்கினான். அவளுக்குச் செய்யாத வேலை ஒன்றே ஒன்றுதான்.

தாதியர் படிப்பில் இரண்டாம் வருடத்தில் இருந்த ஜெனோஜாவுக்கு, பாடப் புத்தகத்தில் இருப்பது வீட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தது. ஒருநாள் தாயின் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள் கேட்டாள்.

“அம்மா, நீங்கள் அப்பாட்டக் கேளுங்கோ. ஜஸ்ற் ஆஸ்க் ஹிம்.”

“நான் கேக்கேலாது, பிள்ளை.”

“வை? அவர் என்ன, அடிக்கப் போறாரோ?”

“உன்ர அப்பா ஒரு நுளம்புக்கும் அடிக்காதவர்.”

“அப்ப?”

பேர்ள் கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். பிறகு மகளிடம் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னாள். சண்டையில் அவர்கள் ஓடி ஓடி இருந்த கடைசி இடம் பொக்கணை. பங்கருக்குள் யோன், பேர்ள், நாலு வயது ஜெனோஜா, யோனின் தாய். தாய்க்குக் காலில் காயம், நடக்க முடியாது. அன்று காலை கடலேரிப் பக்கமாகச் சனம் ஓடத் தொடங்கியது. யோன் அசையவில்லை. தாயை விட்டு வரமாட்டேன் என்று இருந்தான். பேர்ள்தான் அவனைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“நான்தான் சொன்னனான், எழும்புங்கோ, பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுட்டு வந்து மாமியைத் தூக்குவம் எண்டு. மாமியும் சொன்னவதான், போ மோனே எண்டு. உன்னைத் தோளில போட்டுக்கொண்டு வந்தவர். தண்ணிக்குள்ள இறங்கினாப் பிறகு ஆமி திரும்பிப் போக விடேல்லை. மாமியைப் பிறகு காணேல்லை.”

ஜெனோஜா எண்ணெய்க் கையைத் தன் சட்டையில் துடைத்தாள்.

“அப்பா உங்களை ஏசினவரோ?”

“இல்லை. இண்டைவரைக்கும் ஒரு சொல்லும் சொல்லேல்லை. சொல்லியிருந்தா நான் எப்பவோ கேட்டிருப்பன்.”

அந்தக் கிழமை ஜெனோஜா தானே தகப்பனிடம் கேட்டுப் பார்த்தாள். பேர்ளுக்கு அறைக்குள் எல்லாம் கேட்டது. பாக்கெனம் பக்கம் வாடகைக்கு வீடுகள் இருப்பதாகவும், அங்கே லொறிப் போக்குவரத்து இல்லை என்றும் அவள் அரைத் தமிழிலும் அரை ஆங்கிலத்திலும் சொன்னாள். யோன் தேத்தண்ணீரை முழுதும் குடித்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

“அம்மா கேட்டவவோ?”

“இல்லை, அப்பா. நான்தான்.”

“அம்மாக்குக் கஷ்டம் எண்டா அம்மா சொல்லுவா” என்று சொல்லிக் கோப்பையைக் கழுவி வைத்தான்.

அவனுக்குத் தெரியும் என்பது அப்போதுதான் பேர்ளுக்கு விளங்கியது. கேட்கமாட்டாள் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். அந்த நிச்சயத்தின் மேல்தான் அவன் காலூன்றி நின்றான்.

அங்கே குளிர்காலமான ஜூன் மாதத்தில் காற்று அசையவில்லை. காலையில் பனிப்புகார் தரையோடு படுத்திருந்தது. விறகு எரிக்கும் வீடுகளின் புகையும் வீதியின் புகையும் மேலே போக வழியில்லாமல் கூரை உயரத்தில் தங்கின. அடைத்த வீட்டுக்குள்ளும் பேர்ளின் உதடு நீலமாயிற்று. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, மூக்கில் குழாயும், கட்டிலடியில் முனகிக்கொண்டேயிருக்கும் ஒக்சிசன் இயந்திரமும், வெளியே போவதானால் இழுத்துச் செல்லச் சிறு உருளை ஒன்றுமாக வீட்டுக்கு வந்தாள். ஒக்சிசன் ஓடும் வீட்டில் காஸ் அடுப்பு மூட்டக்கூடாது என்று பொருத்த வந்தவன் எழுதி ஒட்டிவிட்டுப் போனான். குசினி கராஜுக்குப் போனது.

டொக்டர் இந்தமுறை யோனிடம் இடம் மாறுவது பற்றிப் பேசவே இல்லை. அதுதான் பேர்ளைப் பயப்படுத்தியது.

பேர்ளை நடைபாதையிலிருந்து தூக்கிய அன்றோடு லைற்றடிச் சாப்பாடு நின்றுபோய்ப் பல மாதம் ஆகியிருந்தது. சாரதிகள் ஒருவரும் குறை சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பழங்கள் அனுப்பினார்கள். யோன் காலையில் பாண்ரொட்டித் துண்டுகளைக் கட்டிக்கொண்டு போனான். பாதியைத் திருப்பிக் கொண்டுவந்தான். மெலிந்தான். அதைப் பார்க்கச் சகிக்காமல் ஜெனோஜா ஒருநாள் கராஜில் சோறும் பருப்பும் ஒரு மீன் குழம்பும் வைத்தாள். மத்தியானம் அவனுடைய லொறி வரும் நேரம் பார்த்துத் தடியைத் தூக்கிக்கொண்டு கேற்றடிக்குப் போனாள். தகப்பனுக்காக மட்டும். ஒரு நாளைக்கு மட்டும்.

அன்று வேலை முடிந்து வந்த யோன் கட்டில் விளிம்பில் இருந்து, பல மாதங்களுக்குப் பிறகு முகம் மலர்ந்து பேசினான்.

“நான் தூரத்தில கண்டுட்டு நீதான் எண்டு நினைச்சிட்டன், பேர்ள். அதே நிப்பு. குழம்பில உப்புக் கொஞ்சம் கூட. ஆனா கை உன்ர கைதான்.”

பேர்ள் சிரிக்கப் பார்த்தாள். அது இருமலாகப் போய் முடிந்தது.

ஒரு நாள் என்பது ஒரு கிழமை ஆயிற்று. பஞ்சாபிப் பொடியன் ஒருவன் யன்னலால் எட்டிப் பார்த்துக் கைகாட்டினான், அவனுக்கும் ஒன்று. பிறகு யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள். ஓகஸ்ட் தொடங்கும்போது ஜெனோஜா அரையாண்டுப் படிப்பைத் தள்ளிவைத்தாள். அம்மாவைப் பார்க்க ஆள் வேண்டும், இது அதோடு சேர்ந்து நடக்கிறது என்றாள். பதினொன்றிலிருந்து ஒன்றரை வரை. முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் நிற்பதாகத் தாய்க்குச் சொன்னாள். பேர்ள் கட்டிலில் இருந்தபடி யன்னலால் பார்ப்பாள். கவசம் நாடிக்குக் கீழே கிடக்கும். ஒவ்வொரு யன்னலுக்கும் பிள்ளை முகத்தை நிமிர்த்திச் சிரிக்கிறாள்.

ஒருவன் மட்டும் வாங்கவில்லை. பழனிசாமி வீட்டிலிருந்து தயிர்ச்சாதம் கொண்டுவரத் தொடங்கினான். யோனுக்கு அது மனத்தாங்கல். என் பிள்ளையின் சமையல் அவனுக்கு இறங்கவில்லையோ என்று பேர்ளிடம் முறையிட்டான். அடுத்த ஞாயிறு, யோன் சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, தோடம்பழப் பையோடு பழனிசாமி வந்தான். கதிரையின் விளிம்பில் இருந்தான்.

“அக்கா, அண்ணன் எம்மேல கோவமா இருக்காருங்க.”

“ஓம். நீங்கள் ஏன் இப்ப வாங்கிறேல்லை?”

அவன் தன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான்.

“நான் டெப்போல அண்ணங்கிட்டச் சொன்னேனுங்க. பாப்பா அங்க நிக்கறது எனக்குச் சரியாப் படலைன்னு. அதுக்கு அவரு, ஏம்ப்பா, அவ அம்மா நின்ன எடந்தானேங்கறாரு.” தலையைக் குனிந்துகொண்டான். “பத்து வருசம் உங்க கையில வாங்கித் தின்னேன்க்கா. ஒவ்வொரு பச்சைக்கும் எம் பொகையை உங்க மூஞ்சில விட்டுட்டுத்தான் போனேன். எனக்கு இப்பச் சோறு எறங்க மாட்டேங்குது.”

பேர்ள் அவனைச் சமாதானப்படுத்தினாள். நீங்கள் என்ன செய்வீர்கள், லொறிதானே, என்றாள். அவனுக்குத் தேத்தண்ணீர் போட எழும்பப் பார்த்து, குழாய் இழுக்க, திரும்ப இருந்தாள். அவன் போன பிறகு வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அம்மா நின்ற இடந்தானே. அதைச் சொன்னபோது யோனின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவளால் காணமுடிந்தது. அதில் கள்ளம் இருந்திருக்காது. பெருமைதான் இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவள் கேட்பதற்குப் பல முறை வாயெடுத்தாள். அவன் காலுறை கழற்றும்போது. அவன் செபமாலையை முடித்துச் சிலுவையை முத்தமிடும்போது. தலை இழுத்துவிட்டு, சீப்பில் வந்த மயிரை அவள் காணாமல் சுருட்டும்போது. ஒவ்வொரு முறையும் பங்கரின் வாசல் வெளிச்சமும், அதற்குள் சாய்ந்து இருந்த மாமியின் சேலைக் கரையும் முன்னால் வந்தன. ஒருமுறை எழுப்பினேன். அதற்கு அவன் கொடுத்த விலை போதும். இன்னொருமுறை என் வாயால் வேண்டாம். எனக்கு இருப்பது கொஞ்சக் காலம்தான், அதை இங்கேயே இருந்து முடித்துவிடலாம் என்று தன்னையே ஆற்றிக்கொண்டாள். தன்னுடைய மூச்சை மட்டும் கணக்குப் பார்க்கும்வரை அந்த ஆறுதல் போதுமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை அந்தச் சத்தம் கேட்டது. கராஜிலிருந்து, கறிவேப்பிலை தாளிக்கும் மணத்தோடு. சிறிய, வறண்ட இருமல். இரண்டு, பிறகு ஒரு நிறுத்தம், பிறகு நீளமாக ஒன்று. அந்த நிறுத்தம் பேர்ளுக்குத் தெரியும். அவளுக்கும் முதலில் அப்படித்தான் தொடங்கியது. மா தூள் என்று சொன்ன காலம்.

ஜெனோஜா தண்ணீர் கொண்டு உள்ளே வந்தபோது பேர்ள் அவளுடைய சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தாள். நீலநிற இழுப்பு மருந்துக் குழாய்.

“எப்ப இருந்து?”

“இட்ஸ் நத்திங், அம்மா. குளிர்தான்.”

“ஜெனோ. எப்ப இருந்து?”

“ஆறு கிழமை இருக்கும். அப்பாக்குச் சொல்லாதேங்கோ. அவர் இப்பதான் ஒழுங்காச் சாப்பிடுறார்.”

பேர்ள் மகளின் கன்னத்தைப் பிடித்துப் பார்த்தாள். இருபது வயது. மூக்குத் துவாரத்தின் ஓரத்தில் மெல்லிய கறுப்பு, காலையில் முகம் கழுவியும் போகாதது. பிள்ளை மெல்லக் கையை விலக்கிக்கொண்டு, அடுப்பில் கறி இருக்கிறது என்று போய்விட்டாள்.

பதினொரு மணிக்குத் தடியும் பெட்டியும் வெளியே போயின. பேர்ள் யன்னலடியில் இருந்தாள். காற்று இல்லை. வெயில் இருந்தும் சந்தியின் எதிர்ப்பக்கக் கடைகள் பால் ஊற்றிய கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோலத் தெரிந்தன. லொறிகள் வந்து நின்றன, போயின. பன்னிரண்டேகாலுக்கு யோனின் வெள்ளை முகப்பு வரிசையில் தெரிந்தது. அவனுக்கு முன்னால் மூன்று லொறிகள். பின்னால் பழனிசாமியின் லொறி.

பேர்ள் இயந்திரத்தின் குழாயைக் கழற்றி, சின்ன உருளையின் குழாயை மாட்டினாள். சில்லுப் பூட்டிய தள்ளுவண்டியில் அதை இழுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்து, கதவுவரை வந்தாள். யோன் அடியில் ஒட்டிய றப்பர் கதவை இறுக்கிப் பிடித்திருந்தது. இரண்டு கையாலும் இழுத்தாள். வெளியே வந்ததும் காற்று தொண்டையில் மணல்போல இறங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல்முறையாக அந்த முற்றத்தில் அவள் கால்வைத்தாள். மூன்று அடி, நிற்க. மூன்று அடி, நிற்க.

“அம்மா, வட் ஆர் யூ டூயிங்?” ஜெனோஜா பெட்டியை வைத்துவிட்டு ஓடி வந்தாள். பேர்ள் அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டாள். திரும்பிப் போக விடவில்லை, கேற்றுப் பக்கம் தள்ளினாள்.

லைற் சிவப்பாக விழுந்தது. யோனின் லொறி அவர்களுக்கு நேராக வந்து நின்றது. அவன் வழக்கம்போல இடப்பக்கம் சாய்ந்து யன்னலை இறக்கினான். பேர்ளைக் கண்டதும் முகம் விரிந்தது. கட்டிலை விட்டு எழும்பி நடந்து வந்திருக்கிறாள், சுகப்பட்டுவிட்டாள் என்று அவன் நினைத்த அந்த ஒரு கணத்தை ஜெனோஜாவும் பார்த்தாள். பிறகு அவனுடைய கண் பேர்ளின் கைகளுக்குப் போனது. கையில் சாப்பாடு இல்லை.

அவள் வாயசைத்தாள். இஞ்சின் இரைச்சலில் ஒன்றும் மேலே போகவில்லை. கத்துவதற்கு அவளிடம் மூச்சு இல்லை. கையை உயர்த்தி, திறப்பைத் திருப்புவதுபோலக் காட்டினாள். யோன் விளங்காமல் பார்த்தான். அவள் மறுபடியும் காட்டினாள்.

அவன் இஞ்சினை நிறுத்தினான்.

பச்சை விழுந்தது. பின்னால் ஒரு கார் ஹோன் அடித்தது, பிறகு மூன்று நாலு. பழனிசாமி தன் லொறியிலிருந்து இறங்கி நடுவீதிக்குப் போய் நின்று, இரண்டு கையையும் விரித்து வாகனங்களை மற்றத் தடத்துக்குத் திருப்பிவிட்டான். ஏன் என்று அவனுக்குத் தெரியாது. யோன் இருக்கையில் தவழ்ந்து வந்து, யன்னல் விளிம்பில் முழங்கையை ஊன்றித் தலையை வெளியே நீட்டினான். அவளுடைய முகத்துக்கும் அவனுடைய முகத்துக்கும் இடையில் இரண்டு முழந்தான் இருந்தது.

“என்னப்பா? என்ன செய்யுது?”

“இஞ்சருங்கோ.” பேர்ள் நிறுத்தினாள். மூச்சு வரும்வரை நின்றாள். ஜெனோஜா உருளையின் திருகைக் கூட்டினாள். “நான் இவ்வளவு காலமும் கேக்கேல்லை.”

 கேட்காதே என்று சொல்வதுபோல அவனுடைய தலை மெல்ல ஆடியது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, மகளின் கையை எடுத்துத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள்.

“இவளுக்கும் தொடங்கிட்டுது. எனக்கு இனி இது உதவாது, எனக்குத் தெரியும். ஆனாலும் நான் கேக்கிறன். இந்த வீட்டை விட்டுட்டு, எங்கள் ரெண்டு பேரையும் இங்கயிருந்து கூட்டிக்கொண்டு போங்கோ.”